‘வென்’: ஓர் எழுத்தின் பொருளும் ஒலியும்
கிழக்காசிய இலக்கியச் சிந்தனை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

சீன எழுத்துக்கள் பற்றிய உரையாடல்களில் இரண்டு கருத்துக்கள் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளன. சீன எழுத்து ஒலியைச் சாராது கருத்தை நேரே கண்ணுக்குப் புலப்படுத்துவது என்பது ஒன்று. சீனா, கொரியா, யப்பான், வியத்நாம் ஆகிய நாடுகள் ஒரே எழுத்துக்களைப் பயின்றமையால் அவற்றின் பண்பாடும் அடிப்படையில் ஒன்றே என்பது மற்றையது. முதலாவது கருத்து மேலைத்தேயக் கவிஞரிடையே பெருஞ் செல்வாக்குப் பெற்றது. ஏர்னஸ்ற் ஃபெனலோசா விட்டுச்சென்ற குறிப்புக்களை எஸ்ரா பவுண்ட் 1919 இல் வெளியிட்டபொழுது, ஒவ்வொரு சீன எழுத்தும் இயற்கையின் ஓர் அசைவைப் படம்பிடிக்கும் சிறுகவிதை என்ற எண்ணம் பரவலாயிற்று. இரண்டாவது கருத்து கிழக்காசியாவினுள்ளேயே தோன்றிக் காலப்போக்கில் அரசியற் சுலோகமாகவும் மாறியது.

இவ்விரு கருத்துக்களையும் பொதுப்படையாக விவாதிப்பதிலும், ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு அதன் பொருளையும் ஒலியையும் வரலாற்றில் வைத்து நோக்குவது பயனுடையதாகும். அதற்குப் பொருத்தமானது எழுத்து என்பதையே குறிக்கும் எழுத்து. சீனத்தில் ‘வென்’ என ஒலிக்கப்படும் அவ்வெழுத்து நான்கு கீற்றுக்களால் ஆனது. மேலே ஒரு சிறு புள்ளி; அதன்கீழ் ஒரு கிடைக்கோடு; அதன்கீழ் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் இரு சாய்கோடுகள். மக்கள் சீனத்தின் எழுத்துச் சீர்திருத்தத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துக்கள் உருமாறியபோதும் இது மாறவில்லை. யப்பானில் ஆரம்பப் பாடசாலையின் முதலாம் ஆண்டிலேயே இது கற்பிக்கப்படுகிறது. இத்துணை எளிய வடிவத்துக்குக் கோலம், கோடு, எழுத்து, வாக்கியம், நூல், இலக்கியம், கல்வி, நாகரிகம், பண்பாடு, குடிசார் ஆட்சி, காசின் ஓர் அலகு எனப் பல பொருள்கள் உள்ளன.

இப்பொருள்கள் அனைத்தையும் ஒரு மூலக்கருவிலிருந்து மலர்ந்த இதழ்களாகக் காண்பது வழக்கம். அவ்வாறு காண்பது அழகியது. ஆயினும் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. ஒவ்வொரு பொருளும் ஒரு குறித்த காலத்தில், குறித்த சமூகப் பிரிவினரின் தேவையினால் எழுந்தது. வேறொரு பிரிவினரை விலக்குவதற்கும் பயன்பட்டது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த ‘ஷுவோவென் சியேசு’ என்னும் அகராதி, ‘வென்’ என்பதைக் குறுக்குமறுக்காக இட்ட கீறல்கள் என விளக்குகிறது. அந்நூலின் பெயரிலேயே இவ்வெழுத்து இடம்பெற்றுள்ளது. பிரிக்கமுடியாத தனி உருவங்களை ‘வென்’ என்றும், அவை கூடிப் பிறந்த கூட்டுருவங்களைச் ‘சு’ என்றும் ஷூ ஷென் வேறுபடுத்தினார். எனவே அவருடைய காலத்திலேயே கோலம் என்னும் பொருளும் எழுத்து என்னும் பொருளும் ஒருங்கே வழங்கின.

ஷூ ஷென் அறிந்திராத சான்றுகள் 1899 இன் பின்னர் கிடைக்கலாயின. ஷாங் அரச மரபினர் குறிகேட்பதற்குப் பயன்படுத்திய ஆமையோடுகளிலும் எலும்புகளிலும் இவ்வெழுத்தின் பழைய வடிவங்கள் காணப்படுகின்றன. கைகால் விரித்து நிற்கும் ஒரு மனித உருவம். சில வடிவங்களில் அதன் மார்பிலே ஒரு குறி. இதனைப் பச்சை குத்திய உடலாகப் பல அறிஞர்கள் கொள்கின்றனர். அவ்வாறாயின் ‘வென்’ முதலில் எழுதப்பட்ட இடம் மனிதத் தோலாதல் வேண்டும். தெற்கேயுள்ள யுவே மக்கள் தலைமயிரைக் குறுக வெட்டி உடலிற் பச்சை குத்துவோர் எனச் சீன நூல்கள் பிற்காலத்தில் இகழ்ச்சியாகக் குறிப்பிட்டபொழுதும், பச்சை குத்துதலைக் குறிக்க இதே ‘வென்’ என்னும் எழுத்தே பயன்பட்டது. நாகரிகத்தைக் குறிக்கும் எழுத்தே நாகரிகமற்றவர் எனக் கருதப்பட்டோரின் அடையாளத்தையும் குறித்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கோடும் எழுத்தும் ஒரு சொல்லில் இணைவது தமிழ் வாசகருக்குப் புதுமையன்று. ‘வரி’ என்பது வேங்கையின் உடலிலுள்ள கீற்றையும் பாட்டின் அடியையும் ஒருங்கே உணர்த்துவது. வியத்நாமிய மொழியில் வரிக்குதிரையைக் குறிக்கும் தொடரின் ஈற்றுச் சொல்லும் ‘வென்’ என்பதன் உறவுச்சொல்லாகக் கருதப்படுகிறது. இலக்கியம், பண்பாடு எனப் பெருமிதம் மிக்க பொருள்களைச் சுமக்கும் எழுத்து, விலங்கின் தோலில் தன் பழைய பொருளை இன்றும் பேணிவருகிறது.

கன்பூசியஸ் மரபில் ‘வென்’ புதியதொரு நிலையை அடைந்தது. அங்கே அது மனிதனின் இயல்பான தன்மைக்கு எதிர்நிலையில் வைக்கப்பட்ட பயிற்சியும் பண்பும் ஆகும். இரண்டும் சமநிலையில் அமைந்தவனே சான்றோன். அத்துடன், சோ மரபின் நிறுவுநர்களான தந்தையும் மகனும் ‘வென்’ அரசர், ‘வூ’ அரசர் எனப் பெயர் பெற்றமையால், எழுத்துக்கும் படைக்கும் இடையிலான இணைநிலை நிலைபெற்றது. கொரியாவின் ஆளும் வர்க்கத்தினரான ‘யாங்பான்’ என்போரின் பெயர் ‘இரு வரிசையினர்’ எனப் பொருள்படும். குடிசார் அதிகாரிகளும் படைத்துறை அதிகாரிகளும் அவ்விரு வரிசையினராவர். ஆகவே ‘வென்’ என்பது எழுதப்பட்டதை மட்டுமன்றி, எழுதுவதனால் ஆளும் உரிமையையும் குறிக்கலாயிற்று.

3

சீன எழுத்து ஒலியைச் சாராதது என்னும் கருத்தை இவ்வெழுத்தின் ஒலிப்புக்களே மறுக்கின்றன. இன்றைய பொதுச்சீனத்தில் ‘வென்’; கன்றன் மொழியில் ‘மன்’; கொரிய மொழியில் ‘முன்’; வியத்நாமிய மொழியில் ‘வன்’; யப்பானிய மொழியில் ‘மொன்’, ‘புன்’ என இரண்டு சீனவழி ஒலிப்புக்கள்; அவற்றோடு ‘ஃபுமி’, ‘அயா’ என்னும் யப்பானியச் சொல்வழி ஒலிப்புக்கள். ஒன்றோடொன்று தொடர்பற்றவைபோலத் தோன்றும் இவற்றுட் சீனவழி ஒலிப்புக்கள் அனைத்தும் ஒரே ஒலியின் வெவ்வேறு காலப் படிவங்களாகும்.

பழஞ்சீனத்தில் இச்சொல் மகரத்திலே தொடங்கியது. அம்மகரத்தைக் கொரிய மொழியும் கன்றன் மொழியும் இன்றுவரை காத்துவருகின்றன. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் தென்சீன அரசுகளிலிருந்து, பெரும்பாலும் கொரியா வழியாக, யப்பானை அடைந்த ஒலிப்பு ‘மொன்’ ஆகும். பின்னர் தாங் மரபின் தலைநகராகிய சாங்ஆனின் பேச்சில் மகரம் மூக்கொலியை இழந்து பகரச் சாயல் பெற்றது. அந்நகரிற் கற்றுத் திரும்பிய யப்பானியத் தூதரும் துறவிகளும் கொணர்ந்த ஒலிப்பே, பகர ஒலிப்புடைய ‘புன்’. தாங் மரபின் பிற்பகுதியில் அதே மெய் பல்லும் இதழும் கூடிப் பிறக்கும் ஒலியாகத் திரிந்தது. வியத்நாமிய ‘வன்’ அந்நிலையைக் காட்டுகிறது. சீனத்தின் தலைநகர மொழி தன் பழைய ஒலிகளை இழந்துவிட, அயல்நாடுகள் அவற்றைப் பகிர்ந்து பாதுகாத்துள்ளன எனலாம்.

ஒலி வேறுபாடு சமூக வேறுபாடாகவும் அமைந்தது. யப்பானிலே பௌத்த ஓதுநூல்களின் மொழியிலும், அதன்வழியே அன்றாடப் பேச்சிற் கலந்த சொற்களிலும் ‘மொன்’ நிலைத்தது. வான்கணிப்பையும் கடையிற் கொடுக்கும் கட்டளையையும் முறைப்பாட்டையும் குறிக்கும் சொற்கள் அவ்வொலிப்பைக் கொண்டவை. அரசவை ஊக்குவித்த தாங் ஒலிப்பாகிய ‘புன்’ கன்பூசியக் கல்விக்கு உரியதாயிற்று; நவீன காலத்தில் இலக்கியம், பண்பாடு, நாகரிகம், இலக்கணம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் யாவும் அதனையே தாங்கின. ‘ஃபுமி’ என்பது கடிதத்தையும், ‘அயா’ என்பது துணியின் கோலத்தையும் குறித்து இல்லத்தோடு நெருங்கி நின்றன. ஓர் எழுத்தை எவ்வாறு ஒலிப்பது என்பதிலேயே கோயில், அரசவை, இல்லம் என்னும் மூன்று நிறுவனங்களின் சுவடுகள் உள்ளன. கண்ணால் மட்டும் எழுத்தை நோக்கிய பவுண்ட் முதலியோருக்கு இவ்வரலாறு புலப்படாமற் போனமை வியப்பன்று.

4

சீன இலக்கியக் கோட்பாட்டிலே ‘வென்’ பற்றிய மிகப் பெரிய நூல் லியு சியே கி.பி. 500 அளவில் இயற்றிய ‘வென்சின் தியாவோலோங்’ ஆகும். ஐம்பது இயல்களாலான அந்நூலின் முதல் இயல், ‘வென்’ என்பதை வானத்துக்கும் பூமிக்கும் உரிய பண்பாக நிறுவுகிறது. ஞாயிறும் திங்களும் வானின் ‘வென்’; மலைகளும் ஆறுகளும் நிலத்தின் ‘வென்’; புலிக்கும் சிறுத்தைக்கும் தோலிற் கோலங்கள் உண்டு. அறிவற்ற பொருள்களுக்கே கோலம் இருக்கையில், உள்ளமுடைய மனிதனுக்கு அது இல்லாதிருத்தல் இயலாது என்பது அவர் வாதத்தின் சாரமாகும்.

இவ்வாதம் நவீன ஆய்வாளர் பலரைக் கவர்ந்துள்ளது. ஜேம்ஸ் லியு 1975 இல் வெளியிட்ட சீன இலக்கியக் கோட்பாடுகள் பற்றிய நூலில் இதனை மெய்யியல்சார் கோட்பாடாக வகைப்படுத்தினார். ஸ்ரீவன் ஓவென் 1985 இல், மேலைத்தேயக் கவிதை உலகைப் போலச்செய்வது என்றும், சீனக் கவிதை உலகின் ஒழுங்கு தானே வெளிப்படும் இடம் என்றும் வேறுபடுத்திக் காட்டினார். ஹோன் சோசி 1993 இல் இப்பிரிவினையையே ஐயத்துக்குட்படுத்தி, கிழக்கையும் மேற்கையும் இரு துருவங்களாக்கும் ஆய்வுமுறை எத்தகையது என வினவினார். அவ்வினா தொடரப்பட வேண்டியதொன்றாகும்.

லியு சியேயின் கருத்துக்கு ஒரு பெருமை உண்டு. எழுத்தை அரசனின் ஏவலாளாகவோ வெறும் அலங்காரமாகவோ கருதாது, அதற்குத் தன்னளவில் ஒரு மதிப்பை அது வழங்கியது. எனினும் அதன் குறைபாடு அதன் உவமையிலேயே உள்ளது. புலி தன் வரிகளைப் பெறுவதற்கு எவரிடமும் பயிலவில்லை. எந்தப் பரீட்சைக்கும் தோற்றவில்லை. மனிதனின் ‘வென்’ அத்தகையதன்று. அதனைப் பெற ஆண்டுக்கணக்கான ஓய்வும் ஆசிரியரும் ஏடுகளும் வேண்டும். இவையனைத்தும் சமூகத்தில் ஒரு சிலருக்கே வாய்த்தன. உழைப்பினாலும் வாய்ப்பினாலும் பெற்றதொன்றை இயற்கையின் பெயரால் விளக்குவது, அதைப் பெறாதோரின் நிலையையும் இயற்கையானதாக்கிவிடுகிறது.

லியு சியேயின் வாழ்க்கையே இதற்குச் சான்றாகும். வரலாற்று நூல் கூறுவதன்படி அவர் இளமையில் தந்தையை இழந்தவர், வறியவர், பல்லாண்டுகள் பௌத்த மடத்தில் துறவி ஒருவரோடு தங்கிக் கற்றவர். நூலை எழுதி முடித்தபின் அதனை மதிப்பிடுவார் எவருமின்றி, செல்வாக்குமிக்க ஷென் யுவேயின் வண்டி வரும் வழியில் நூலைச் சுமந்து, பண்டம் விற்போனைப்போல அவர் காத்துநின்றார். ஷென் யுவே வாங்கி வாசித்துப் போற்றிய பின்னரே நூல் நிலைபெற்றது. ‘வென்’ வானத்திலும் மண்ணிலும் தானே விளங்குவது என எழுதியவர், தம்முடைய ‘வென்’ விளங்குவதற்குத் தெருவில் நிற்கவேண்டியதாயிற்று. கோட்பாடு சொல்லாமல் விட்டதை வரலாறு சொல்கிறது.

சொங் காலத்துச் சோ துன்யி (1017–1073) ‘வென்’ என்பதை அறநெறியை ஏற்றிச்செல்லும் வண்டியாக உருவகித்தார். லியு சியேயின் கோலமும் சோ துன்யியின் வண்டியும் நேர்மாறான கோட்பாடுகளாகப் பாடநூல்களிற் காட்டப்படுவதுண்டு. ஆயினும் வண்டியை யார் செலுத்துகிறார், யார் இழுக்கிறார் என்னும் வினாவை இரு சாராரும் எழுப்பவில்லை.

5

அவ்வினாவை எழுப்பியவர்கள் ‘வென்’னின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே. கொரியாவில் 958 முதல் 1894 வரையும், வியத்நாமில் 1075 முதல் 1919 வரையும், சீனாவில் 1905 வரையும் அரச பரீட்சைகள் நடைபெற்றன. அப்பரீட்சைகள் பிறப்பைவிடக் கல்வியை மதித்தன என்னும் பாராட்டு ஓரளவு உண்மையாயினும், பெண்கள் அவற்றுக்குத் தோற்ற இயலவில்லை என்பதும் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை எட்டாக்கனியாகவே பெரும்பாலும் இருந்தன என்பதும் உண்மையே.

யப்பானின் முரசாக்கி ஷிக்கிபு தம் நாட்குறிப்பில் பதிவுசெய்துள்ள ஒரு செய்தி இவ்விடத்து நோக்கற்பாலது. சகோதரனுக்குச் சீன நூல்கள் கற்பிக்கப்பட்டபொழுது அருகிலிருந்து கேட்டே அவர் அவனைவிட விரைவாகக் கற்றார். இவள் ஆணாகப் பிறக்கவில்லையே எனத் தந்தை வருந்தினார். பெண்களின் கைக்கு உரியது எனக் கருதப்பட்ட கனா எழுத்திலேயே அவர் ‘கெஞ்சி’யின் கதையைப் படைத்தார். இன்று யப்பானிய இலக்கியத்தின் சிகரமாகக் கொள்ளப்படும் அந்நூல், அக்காலத்துப் ‘புன்’ என்பதன் உயர்ந்த பொருளுள் அடங்காதது. இலக்கிய வரலாற்றில் மதிப்பீடுகள் தலைகீழாவதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டுக் காண்பதரிது.

கொரியாவில் இம்முரண்பாடு வெளிப்படையான மோதலாயிற்று. செஜோங் மன்னர் 1443 இல் ஆக்கி 1446 இல் வெளியிட்ட எழுத்துமுறைக்கு இட்ட பெயர், மக்களுக்குக் கற்பிக்கும் சரியான ஒலிகள் எனப் பொருள்படுவது. அப்பெயரில் ஒலியைக் குறிக்கும் எழுத்து உண்டு, ‘முன்’ இல்லை. சொய் மால்லி முதலிய அறிஞர் 1444 இல் அரசனுக்கு அளித்த விண்ணப்பத்தில் இம்முயற்சியை எதிர்த்தனர். தமக்கெனத் தனி எழுத்தை வைத்திருப்போர் மங்கோலியர், யப்பானியர், திபெத்தியர் முதலிய அயலாரே. அவர்களைப்போல் ஆவது நாகரிகத்தைக் கைவிடுவதாகும் என்பது அவர்களின் அச்சம். மக்கள் எழுதக் கற்றால் நாகரிகம் அழியும் என்னும் இவ்வாதம், ‘முன்’ என்பதன் வர்க்கப் பொருளை ஐயத்துக்கிடமின்றி வெளிப்படுத்துகிறது. புதிய எழுத்து ‘ஒன்முன்’, அதாவது பேச்சுவழக்கின் எழுத்து என வழங்கி, நாளடைவில் இழிவுப்பொருளும் ஏற்றது. 1894 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலேதான் அது ‘குக்முன்’ என, நாட்டின் எழுத்தாக அரச ஆணையில் இடம்பெற்றது. நானூற்றைம்பது ஆண்டுகளில் எழுத்தின் வடிவம் மாறவில்லை. அதற்கு முன்னே நின்ற அடைமொழி மாறியது. அம்மாற்றத்தினுள் ஒரு சமுதாயத்தின் மாற்றம் அடங்கியுள்ளது.

வியத்நாமின் அனுபவம் வேறுவகையானது. அங்கே ‘வன்’ ஆக்கிரமிப்புக்கு எதிரான கருவியாகவும் பயன்பட்டது. ஹனோயில் 1070 இல் எழுப்பப்பட்ட இலக்கியக் கோயில் ‘வன் மியெவ்’ எனப்படும். 1407 முதல் 1427 வரை அந்நாட்டை மிங் படைகள் ஆண்டன. அவை வெளியேற்றப்பட்டபின், 1428 இல் லெ லொய்யின் சார்பில் நுயென் த்ராய் எழுதிய வெற்றிப் பிரகடனம், தம் நாடு நெடுங்காலமாகவே ‘வன் ஹியென்’, அதாவது எழுத்தும் சான்றோரும் நிறைந்த நாடு என உரிமை கொண்டாடியது. அப்பிரகடனம் செவ்வியற் சீனத்திலேயே எழுதப்பட்டது. எதிரியின் எழுத்தைக் கொண்டே எதிரியின் நாகரிக உரிமையை மறுத்த அவ்வாசகத்தைச் சீனப் பண்பாட்டின் விரிவாகக் காண்போர் அதன் அரசியலைக் காணத் தவறுகின்றனர்.

6

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வெழுத்து மீண்டும் ஒரு திருப்பத்தை அடைந்தது. ஐரோப்பியக் கருத்துக்களை மொழிபெயர்க்க முனைந்த யப்பானியர் பழஞ்சீன நூல்களிலிருந்து சொற்களை எடுத்துப் புதுப்பொருள் ஊட்டினர். கன்பூசியஸின் மாணாக்கர் சிலரின் கல்வித்திறத்தைக் குறித்த பழைய தொடர் ‘புன்கக்கு’ எனக் கற்பனை இலக்கியத்தைக் குறிக்கலாயிற்று. ‘புன்மெய்’ நாகரிகம் ஆயிற்று. ‘புன்கா’ பண்பாடு ஆயிற்று. இப்புதுப்பொருள்களோடு அச்சொற்கள் சீனாவுக்குத் திரும்பி வென்ஷுயே, வென்மிங், வென்ஹுவா என ஒலித்தன. கொரியாவில் முன்ஹக், முன்மியொங், முன்ஹ்வா எனவும், வியத்நாமில் வன் ஹொக், வன் மின், வன் ஹோவா எனவும் வழங்கின. வீட்டைவிட்டுச் சென்ற சொல் வேற்று உடையணிந்து திரும்பியதை வீட்டார் உடனே அறிந்துகொள்ளவில்லை. பழஞ்சீன நூலிற் கண்ட சொல்லையும் நவீனச் சொல்லையும் ஒன்றெனக் கொண்டமையால் விளைந்த மயக்கங்கள் பல.

இம்மயக்கத்தை மிகுந்த நேர்மையுடன் பதிவுசெய்தவர் நட்சுமே சோசெக்கி. 1900 முதல் 1902 வரை லண்டனிற் கற்ற அவர், 1907 இல் வெளியான ‘புன்கக்குரோன்’ என்னும் நூலின் முன்னுரையில், சீன வரலாற்று நூல்களை வாசித்து இலக்கியம் என்பது இன்னதெனத் தாம் முன்னர் கொண்டிருந்த கருத்தோடு ஆங்கில இலக்கியத்தை அணுகியதாகவும், இறுதியில் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததாகவும் கூறுகிறார். இரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டமையே அவ்வேமாற்றத்தின் காரணம். அவர் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தவில்லை. இலக்கியம் என்றால் என்ன என்பதை அடியிலிருந்து ஆராயத் தொடங்கினார். மொழிபெயர்ப்புச் சொல்லின் பின்னால் மறைந்திருந்த பிளவைக் கண்டு அதையே ஆராய்ச்சிப் பொருளாக்கியமை விமர்சன வரலாற்றில் அவருக்குரிய தனிச்சிறப்பாகும். கொரியாவின் யி குவாங் சு 1916 இல் ‘முன்ஹக்’ யாதென விளக்கி எழுதியபொழுது, அது மேலைத்தேயச் சொல்லின் மொழிபெயர்ப்பே என வெளிப்படையாக அறிவித்துப் பழைய பொருளிலிருந்து விலகினார். சோசெக்கி பிளவினுள் நின்று சிந்தித்தார். யி குவாங் சு அதைக் கடந்துவிட்டதாகக் கருதினார். ஆழத்தில் முன்னவரின் நிலையே பயன்மிக்கது எனத் தோன்றுகிறது.

சீனாவில் 1917 இல் ஹூ ஷியும் சென் துசியுவும் ‘புதிய இளைஞன்’ இதழில் இலக்கியச் சீர்திருத்தத்தையும் புரட்சியையும் முன்வைத்தபொழுது, தாக்கப்பட்டது ‘வென்யென்’ என்னும் செவ்வியல் நடை. வேண்டப்பட்டது புதிய ‘வென்ஷுயே’. பழையதும் புதியதும் ஒரே எழுத்தைத் தாங்கியிருந்தன. 1918 இல் லூசுன் எழுதிய ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ இதனை வடிவத்திலேயே காட்டுகிறது. நாட்குறிப்பு பேச்சுநடையில் அமைய, அதன் முன்னுரை செவ்வியல் நடையில் உள்ளது. நோயாளி குணமடைந்து அரச பதவியை நாடிச் சென்றுவிட்டான் என அம்முன்னுரை அறிவிக்கிறது. உண்மையைக் கண்டவன் பேச்சுமொழியிற் பேசுகிறான். குணமடைந்தவன் ‘வென்’னுக்குத் திரும்பிவிடுகிறான். அறநெறி என எழுதப்பட்ட ஏட்டின் வரிகளுக்கிடையே மனிதரைத் தின்னும் செய்தியை அவன் வாசிக்கும் இடம், ‘வென்’ என்னும் கோலத்தின்மீது எழுதப்பட்ட மிகக் கடுமையான விமர்சனம் ஆகும்.

7

‘ஒரே எழுத்து, ஒரே பண்பாடு’ என்னும் கருத்துக்கு இனி வரலாம். கி.மு. முதலாம் நூற்றாண்டில் லியு சியாங் தொகுத்த நூலில், ‘வென்ஹுவா’ என்னும் தொடர் படையின்றி ‘வென்’னால் மக்களை மாற்றியமைப்பதைக் குறித்தது. அதற்கு இணங்காதோர் மீதே தண்டனை செலுத்தப்படும். எனவே எழுத்தும் படையும் எதிர்நிலைகள் என்பதினும், ஓர் ஆட்சியின் முதற்படியும் இரண்டாம்படியும் என்பதே பொருந்தும். யொங்லே பேரரசரின் காலத்தில், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் தெய்வங்களைப் போற்றிப் பொறிக்கப்பட்டு, காலியிற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு 1409 ஆம் ஆண்டைச் சுட்டுகிறது. அழகக்கோனார் எனச் சீனக் குறிப்புக்கள் சுட்டும் இலங்கை ஆட்சியாளரை அதே கடற்படை சிறைப்பிடித்துச் சென்று சீன அரசவையில் நிறுத்தியது 1411 இல் ஆகும். இரு படிகளும் இரண்டாண்டு இடைவெளியில் இலங்கைக்கும் வந்தன.

நவீன யப்பான் இவ்வேற்பாட்டைப் புதிய சொற்களிற் புதுப்பித்தது. 1875 இல் நாகரிகக் கோட்பாடு பற்றிய நூலை வெளியிட்ட புக்குசாவா யுக்கிச்சி, 1894 இல் சீனாவோடு தொடங்கிய போரை, நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் இடையிலான போராக வருணித்தார். அவ்வருணனையில் நாகரிகத்தைக் குறிக்க நின்ற எழுத்து ‘புன்’. ‘வென்’ பிறந்த நாட்டையே ‘புன்’ அற்றதெனக் கூறுவதற்கு அவ்வெழுத்து உதவிற்று. அதே காலப்பகுதியில் ‘தோபுன் தோஷு’, அதாவது ஒரே எழுத்து, ஒரே இனம் என்னும் சுலோகமும் எழுந்தது. 1898 இல் அமைந்த ஒரு சங்கமும், 1901 இல் ஷங்காயில் நிறுவப்பட்ட கல்லூரியும் ‘ஒரே எழுத்து’ என்னும் தொடரைத் தம் பெயரிலேயே தாங்கின. கொரியாவில் 1919 ஆம் ஆண்டு மார்ச் எழுச்சி ஒடுக்கப்பட்டபின், ஆளுநர் சைத்தோ மக்கொத்தோவின் ஆட்சிமுறை ‘புன்கா’ ஆட்சி எனப் பெயர் பெற்றது. கொரியமொழிப் பத்திரிகைகள் அனுமதிக்கப்பட்டன. தணிக்கையும் உடன் இருந்தது. 1942 இல் கொரிய அகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்த மொழிச் சங்கத்தினர் கைதாகினர். அவர்களுள் இருவர் சிறையில் மாண்டனர். ஒரே எழுத்து என்னும் உறவு எத்தகையது என்பதை அறிய இதனிலும் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

விடுதலையின் பின்னர் வட கொரியா சீன எழுத்துக்களைக் கைவிட்டது. தென் கொரியாவிலும் அவற்றின் ஆட்சி பெரிதும் குறைந்தது. வியத்நாம், பதினேழாம் நூற்றாண்டில் மதப் பரப்புநர் வகுத்து, பின்னர் பிரெஞ்சு ஆட்சி வளர்த்த உரோம எழுத்தைத் தன் தேசிய எழுத்தாக்கிக்கொண்டது. எழுத்து நீங்கியதால் அதன் சுமையும் நீங்கிவிட்டது எனக் கருதுவோர் உளர். அதுவும் முழுமையான உண்மையன்று. கொரிய எழுத்தில் ‘முன்’ என்பது எழுத்து, கதவு, வினா, கேள்வி ஆகிய நான்கிற்கும் ஒரே வடிவம். பத்திரிகையைக் குறிக்கும் ‘சின்முன்’ என்பதில் உள்ளது புதிதாகக் கேட்டது என்னும் பொருள். அதனைப் புதிய எழுத்து என எண்ண இன்றைய வாசகருக்குத் தடையில்லை. பொருள் மறந்தபோதும் ஒலி தொடர்கிறது. இலக்கியத்துக்கும் பண்பாட்டுக்கும் நாகரிகத்துக்கும் இம்மொழிகளில் இன்றும் வேறு பெயரில்லை. சீனாவில் 1966 முதல் 1976 வரை ‘வென்ஹுவா’வின் பெயராலேயே நூல்களும் நூலோரும் தாக்கப்பட்டனர். எழுத்தை நீக்குவதனாலோ பேணுவதனாலோ அதனுள் உறையும் அதிகார உறவுகள் தாமாகவே மறைவதில்லை.

8

இதுகாறும் நோக்கியவற்றைத் தொகுத்துரைக்கலாம். ‘வென்’ ஒலியற்ற ஓவியம் அன்று. அதன் ஒவ்வோர் ஒலிப்பும் ஒரு காலத்தையும் ஒரு நிறுவனத்தையும் காட்டுவது. அது நான்கு நாடுகளின் பொதுச்சொத்தாக அமைதியோடு பகிரப்பட்டதுமன்று. அதன் உரிமைக்காக மன்னரும் அறிஞரும், ஆண்களும் பெண்களும், ஆக்கிரமித்தோரும் ஆக்கிரமிக்கப்பட்டோரும் போராடினர். நுயென் த்ராய் அதைப் பறித்தெடுத்தார். செஜோங் அதைச் சுற்றிச் சென்றார். முரசாக்கி அதற்கு வெளியே நின்று படைத்தார். சோசெக்கி அதனுள் இருந்த பிளவை நேருக்குநேர் நோக்கினார். லூசுன் அதன் வரிகளுக்கிடையே வாசித்தார். கிழக்காசிய இலக்கியங்களுக்கு ஒருமைப்பாடு ஒன்று உண்டெனின், அது ஒரே பொருளைப் பகிர்ந்தமையால் உண்டானதாகாது. ஒரே எழுத்தின் பொருளைப் பற்றி ஓயாது வழக்காடியமையால் உண்டானதாகும்.

ஓர் இலக்கியத்தின் அடிப்படைச் சொற்களை விளக்கப் புகும் விமர்சகன் அவற்றின் மூலப்பொருளைக் கண்டதோடு அமைதிகொள்ளல் ஆகாது. அச்சொல் யாருடைய வாயில் எவ்வாறு ஒலித்தது, யாருடைய வாயை அடைத்தது என்பனவும் அவன் கேட்கவேண்டிய வினாக்களாம். புலியின் வரிகள் இயற்கையாகவே அமைந்தன. மனிதரின் வரிகளை மனிதரே எழுதினர். ஆதலின் அவற்றைத் திருத்தி எழுதும் உரிமையும் மனிதருக்கே உரியது.